பிடித்த பாட்டுக்காரருக்குப் பாட்டுக் கட்டுவது எப்படி

டெல்டாவில் நாட்டுப்புறப் பாட்டு எழுத வருகிற பலரைக் கூட்டி வருவது ஏதோ ஒரு குரல்தான். மாரியம்மன் கோயில் மேடையில் கேட்டிருப்பார்கள், நடவுக்குப் போகிற டிராக்டரில் கேட்டிருப்பார்கள். அந்த அண்ணனோ அக்காவோ நம் வரியைப் பாடிவிட மாட்டாரா என்ற ஆசையில் நோட்டைத் திறப்பார்கள். ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்தக் குரலை நினைத்து உருகி எழுதுகிற அளவுக்கு அதை அளந்து எழுதுவதில்லை. தாள் பாடகர் கைக்குப் போகும். நாலு வரி முணுமுணுத்துப் பார்ப்பார், எங்கோ மூச்சு இடறும், எங்கோ நாக்கு மடங்கும். "நல்லாருக்கு தம்பி, பாப்போம்" என்று பைக்குள் வைப்பார். அதோடு சரி.

அந்தத் தாள் பையை விட்டு மேடைக்கு வர என்ன செய்ய வேண்டும், வந்தபின் அதிலிருந்து ஒரு பிழைப்பை எப்படி அமைத்துக்கொள்வது என்பதற்கான குறிப்புகள் இவை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறைப் பக்கத்து மேடைகளை மனதில் வைத்து எழுதியவை.

குரலை அளப்பது

அந்தப் பாடகரின் பதிவுகளில் குறைந்தது மூன்றை எடுங்கள்: ஸ்டுடியோவில் பாடியது ஒன்று, மேடையில் பாடியது இரண்டு. மேடைப் பதிவில் ஒன்று கச்சேரியின் இரண்டாம் பாதியில் பாடியதாக இருக்கட்டும். ஸ்டுடியோவில் துண்டு துண்டாகப் பாடி ஒட்டியிருப்பார்கள், சுருதி திருத்தியிருப்பார்கள். தொண்டையின் உண்மை நிலவரம் ராத்திரி 12 மணிக்கு மேல் பாடும் பாட்டில்தான் தெரியும்.

முதலில் சுருதி. பாட்டு எந்தச் சுரத்தில் வந்து அமர்கிறதோ அதுதான் ஆதார சட்ஜம் (ச). ஆர்மோனியத்திலோ போனில் உள்ள தம்புரா செயலியிலோ அதைத் தட்டிப் பிடியுங்கள். கீபோர்டுக்காரரிடம் பேச ஆங்கில எழுத்தும், தவில்காரரிடம் பேசச் சுருதியின் அளவான கட்டையும் தெரிந்திருக்க வேண்டும்: 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 ஈ, 4 எஃப், 5 ஜி, 6 ஏ, 7 பி. ஒன்றரை சி ஷார்ப், இரண்டரை டி ஷார்ப், நாலரை எஃப் ஷார்ப், ஐந்தரை ஜி ஷார்ப், ஆறரை ஏ ஷார்ப். மூன்றரை என்று தனிக் கட்டை கிடையாது. ஈ-க்கும் எஃப்-க்கும் நடுவே கறுப்புக் கட்டை இல்லை.

ஒரு எச்சரிக்கை. பழைய கேசட்டிலிருந்து ஏற்றிய பதிவுகளில் டேப் ஓடிய வேகத்துக்கேற்ப சுருதி அரைக் கட்டை ஏறியோ இறங்கியோ இருக்கும். யூடியூபில் உரிமைப் புகாருக்குத் தப்ப வேண்டுமென்றே வேகத்தை மாற்றி ஏற்றுபவர்களும் உண்டு. மூன்று பதிவும் மூன்று கட்டை காட்டினால் எதையும் நம்பாதீர்கள். கச்சேரிக்கு நேரில் போய் உங்கள் போனில் ஒரு நிமிடம் பிடித்து வாருங்கள்.

அடுத்து மூன்று சுரங்களைக் குறியுங்கள்: அவர் தெளிவாகத் தொடும் அடிச் சுரம், பிசிறில்லாமல் தொடும் உச்சச் சுரம், குரல் நின்று நின்று சுகம் காணும் சுரம். மூன்றாவதுதான் முக்கியம். சிலருக்கு அது பஞ்சமம் (ப), சிலருக்கு மேல் சட்ஜம். பல்லவியின் உயிரான சொல் அந்தச் சுரத்தில் விழுந்தால் பாட்டில் பாதி வேலை முடிந்தது. உச்சச் சுரத்தைச் சரணத்துக்கு இரண்டு முறைக்கு மேல் வைக்காதீர்கள். நமக்குப் பிடித்த இடம் அதுதான் என்பதற்காக வரிக்கு வரி அங்கேயே ஏற்றினால், மூன்றாவது சரணத்தில் அவர் அந்த வரியைக் கூட்டத்தின் பக்கம் மைக்கை நீட்டிச் சமாளிப்பார்.

மூச்சையும் நாக்கையும் அளக்க வேண்டும். நின்று பாடும்போது இரண்டு அடியை ஒரே மூச்சில் இழுப்பவர், ஆடிக்கொண்டே பாடும்போது ஒவ்வொரு அடியிலும் மூச்சு வாங்குவார். மேடைப் பதிவில் மூச்சு வாங்கும் இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டு, இரண்டு கோட்டுக்கு நடுவே எத்தனை வினாடி என்று பாருங்கள். ழகரம் யாருக்கு லகரமாகிறது, வேகத்தில் எந்தச் சொல் குழறுகிறது என்பதையும் எழுதி வையுங்கள். வெற்றிலை சீவல் பழக்கம் உள்ளவருக்கு சகரம் அடுக்கி வரும் வரி எமன். கும்பகோணம் பக்கம் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த மண்ணில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. மாயவரத்தில் பிறந்த எம். கே. தியாகராஜ பாகவதருக்குப் பாட்டும் மெட்டும் தந்தவர் பாபநாசம் சிவன் (1890–1973). சிவன் தானே பாடுபவர், பஜனைகளில் நின்று பாடிப் பழகியவர். அவர் பாகவதருக்கு எழுதிய பாட்டு ஒன்றை எடுத்து, குரல் உச்சத்துக்கு ஏறும் இடங்களில் எந்த உயிரெழுத்து நிற்கிறது என்று வட்டமிட்டுப் பாருங்கள். எந்தப் பயிற்சி வகுப்பிலும் இவ்வளவு சீக்கிரம் இது பிடிபடாது. நாகூர் இ. எம். ஹனிபா, சீர்காழி கோவிந்தராஜன் (1933–1988) ஆகியோரின் கணீர்க் குரல்களுக்கு எழுதியவர்களின் வரிகளிலும் இதே சோதனையைச் செய்யலாம். வாத்தியத்திலும் இப்படி நடந்திருக்கிறது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்புக்கேற்ப நாயனம் (நாதஸ்வரம்) செய்து கொடுத்தார். வாசிப்பவருக்காக வாத்தியத்தையே மாற்றியிருக்கிறார்கள், நாம் மாற்ற வேண்டியது நாலு சொல்தான்.

எந்த இடத்துக்குப் பாட்டு?

அவர் கச்சேரியை முழுதாக ஒருமுறை உட்கார்ந்து கேட்டு வரிசையை எழுதுங்கள். பிள்ளையார், அம்மன் என்று சாமிப் பாட்டு, பிறகு ஊர்ப் பெருமை, ஜோடிப் பாட்டு, கேலிப் பாட்டு, அம்மாவைப் பற்றி ஒன்று, கடைசியில் குத்து. இதில் எந்த இடத்தில் அவர் ஒவ்வொரு கச்சேரியிலும் இரவல் பாட்டுப் பாடுகிறார் என்று பாருங்கள். சினிமாப் பாட்டையோ இன்னொருவரின் பிரபலமான பாட்டையோ போட்டு நிரப்புகிறார் என்றால் அந்த இடத்தில் அவருக்குச் சொந்தப் பாட்டு இல்லை. அதற்கு எழுதுங்கள். ஏற்கெனவே ஊரே சேர்ந்து பாடும் தாலாட்டு அவரிடம் இருக்கும்போது இன்னொரு தாலாட்டைக் கொண்டுபோனால் அது தேறாது.

மாத்திரைக் கணக்கு

மெட்டு முதலில், சொல் பிறகு. மெட்டைத் "தன்னானே"யில் கட்டி, அதற்குமேல் சொல்லை ஏற்றுவதுதான் பழைய வழக்கம், இன்றும் அதைவிட நல்ல வழி இல்லை. கணக்கு எளிது: குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, குறிலோடு ஒற்று சேர்ந்தால் 2, நெடிலோடு ஒற்று சேர்ந்தாலும் 2. சொல்லுக்கு நடுவிலும் கடைசியிலும் வரும் ஐகாரம் பாடும்போது 1 தான். யாப்பிலக்கணக் கணக்குக்கும் இதற்கும் கொஞ்சம் வித்தியாசம் உண்டு. இது தாளத்துக்கான கணக்கு.

திஸ்ர நடையில் (மூன்று மூன்றாக எண்ணும் தாள நடை), துண்டுக்கு 6 மாத்திரையாக ஒரு பல்லவி:

கல்லணையத் / தாண்டிருச்சு / காவேரித் / தண்ணி – எங்க
கடமடைக்கு / வந்துசேர / எத்தனநாள் / எண்ணி

"கல்லணையத்" என்பதில் கல் 2, ல 1, ணை 1, யத் 2, ஆக 6. "தாண்டிருச்சு" தாண் 2, டி 1, ருச் 2, சு 1. "காவேரித்" மூன்றும் இரண்டிரண்டு. நாலாவது துண்டில் "தண்ணி" 3 மாத்திரைதான். மீதி மூன்றை "எங்க" என்ற தனிச்சொல் நிரப்பி, அடுத்த அடியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. இரண்டாவது அடியின் கடைசியில் "எண்ணி"க்குப் பிறகு 3 மாத்திரை காலி. பாடகர் மூச்சு வாங்கும் இடம் அது. அதைச் சொல் போட்டு அடைத்துவிடாதீர்கள்.

இரண்டாவது அடியில் "காத்திருக்கேன் எண்ணி" என்றுதான் எல்லோருக்கும் முதலில் கை போகும். பொருளும் நன்றாகவே இருக்கிறது, மோனையும் விழுகிறது. ஆனால் காத் 2, தி 1, ருக் 2, கேன் 2, மொத்தம் 7. அந்த ஒரு மாத்திரையைப் பாடகர் எங்கோ விழுங்க வேண்டும். "காத்ருக்கேன்" என்பார், அல்லது தாளத்தை இழுப்பார், தவில்காரர் திரும்பிப் பார்ப்பார். "எத்தனநாள்" சரியாக 6. இலக்கணம் பார்த்தால் "எண்ணி" அந்தரத்தில் தொங்குகிறதுதான். கேட்பவர் மனசு "நிக்கிறோம்" என்று தானே முடித்துக்கொள்ளும். எல்லா அடியையும் இப்படித் தொங்கவிட்டால் அது ஏமாற்று வேலை.

வேகம் நிமிடத்துக்கு 96 தட்டு, துண்டுக்கு 2 தட்டு என்றால் ஒரு அடிக்கு 8 தட்டு, அதாவது 5 வினாடி. இரண்டு அடிக்கு 10 வினாடி. நீங்கள் அளந்து வைத்த மூச்சோடு இதை ஒப்பிடுங்கள். அவர் 6 வினாடிதான் பிடிப்பார் என்றால் முதல் அடியின் கடைசியிலும் ஒரு காலி இடம் வேண்டும். "எங்க"வை எடுத்துவிட வேண்டியதுதான், அல்லது அதைப் பின்பாட்டுக்காரர்களிடம் கொடுத்துவிடலாம்.

உச்சத்தில் எந்த எழுத்து?

மேல் சட்ஜத்தில் நிற்கும் அடியை இப்படி எழுதியதாக வைத்துக்கொள்வோம்:

நாத்தங்கால் / காஞ்சிருச்சு / நாளுமிங்கு / விம்மி

மாத்திரை சரி. தாளில் படித்தால் கண்கூடக் கலங்கும். பாடினால் செத்துவிடும். குரல் உச்சத்துக்குப் போகிற இடத்தில் மகர ஒற்று உதட்டை மூடுகிறது, பிறகு குற்றியல் போல ஒரு சின்ன இகரம். எதைப் பிடித்து இழுப்பது? "விம்மீ" என்று நீட்டினால் தொண்டை இறுகி, குரல் மூக்குக்குப் போகும். இப்போது இதைப் பாருங்கள்:

நாத்தங்கால் / காஞ்சிருச்சு / நாலுசொட்டு / வாராதா

கடைசித் துண்டில் மூன்று ஆகாரம். வாய் தானே திறக்கும், "தா"வில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஆகாரமும் ஓகாரமும் உச்சத்துக்கு உகந்தவை, ஏகாரம் பரவாயில்லை, இகரமும் உகரமும் கீழ்ச் சுரங்களில் இருக்கட்டும். இந்த அடியில் ஒரு விலையும் உண்டு. "வாராதா" ஆறு மாத்திரையையும் நிரப்பிவிடுவதால் பாடகர் மூச்சு வாங்க இடம் இல்லை. ஆகவே அடுத்த அடியைப் பின்பாட்டு எடுக்க வேண்டும். இதைத் தாளிலேயே எழுதிக் கொடுங்கள்.

வல்லின இரட்டைகள் (க்க, ட்ட, த்த, ப்ப) குரலை ஒரு கணம் நிறுத்தும். குத்துப் பாட்டில் அது பலம், தப்புப் பறையின் அடியோடு சேர்ந்து வெடிக்கும். ஒப்பாரியிலும் தாலாட்டிலும் அதையே அடுக்கினால் விக்கல் மாதிரி இருக்கும்.

சொல் எந்த ஊர்ச் சொல் என்பதும் முக்கியம். மதுரைப் பக்கத்து "அங்கிட்டு இங்கிட்டு"வை மன்னார்குடிக்காரர் வாயில் போட்டால் ஊர்க் கூட்டம் உடனே கண்டுபிடித்துவிடும். கடைமடை, படுகை, திடல், கொல்லை, களத்துமேடு, பத்தாயம், நாத்துமுடி என்று இங்கேயே கொட்டிக் கிடக்கிறது. செங்கப்படுத்தான்காட்டில் பிறந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் (1930–1959) 29 வயதுக்குள் சினிமாவில் அவ்வளவு பேர் வாங்கியதற்கு, வயல் வேலை பார்த்தவனின் சொல்லை அப்படியே மெட்டில் உட்கார வைக்கத் தெரிந்ததும் ஒரு காரணம். அகராதிச் சொல் ஒன்று வந்தால் அதைப் பாட்டி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள், "அப்படின்னா?" என்று கேட்டால் அடித்துவிடுங்கள்.

மேடையில் என்னென்ன சதி செய்யும்

நாயனம் வைத்துப் பாடும் குழு என்றால் அதன் சுருதி மாறாது. கீபோர்டில் டிரான்ஸ்போஸ் பட்டனை அமுக்குவது போல நாயனத்தில் முடியாது. 2 கட்டை நாயனமும் 5 கட்டையில் பாடும் அக்காவும் சேர்ந்தால் பயப்பட வேண்டாம். நாயனத்தின் சட்ஜம் அவருக்குப் பஞ்சமம், ஒத்துப்போகும். அதே நாயனத்தோடு நாலரைக் கட்டை பாடகி என்றால் திண்டாட்டம். மெட்டுப் போடும் முன்பே குழுவில் என்ன வாத்தியம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆணுக்கு எழுதியதை அப்படியே பெண்ணுக்குக் கொடுப்பதும் இதே போலத்தான். சுருதியை மட்டும் மாற்றினால் போதாது, சுகமான சுரம் இடம் மாறியிருக்கும், பல்லவியையே வேறு சுரத்தில் எடுக்க வேண்டி வரலாம்.

குழாய் ஸ்பீக்கர் கீழ்ச் சுரங்களைத் தின்றுவிடும். வயல்வெளிக் காற்றில் தனிக் குறில்கள் கரைந்துபோய், நெடிலும் ஒற்றும் மட்டும்தான் தூரத்துக்குப் போய்ச் சேரும். பாட்டின் பெயர்ச்சொல் பல்லவியில் இரண்டு முறையாவது வரட்டும். கீழ்ச் சுரத்தில் கதையின் திருப்பத்தைச் சொல்லாதீர்கள், யாருக்கும் கேட்காது.

தப்பு குளிரிலும் ஈரக் காற்றிலும் தொய்ந்துவிடும். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் கடல் காற்றில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். தீ மூட்டிக் காய்ச்ச வேண்டும், அதற்குச் சில நிமிடம் ஆகும். அந்த நேரத்தில் தாளம் இல்லாமல் தொடங்கும் பாட்டு ஒன்று கைவசம் இருந்தால் பாடகர் உங்களைக் கையெடுத்துக் கும்பிடுவார். தொகையறா நாலு அடி எழுதி வையுங்கள். அதில் தாளக் கட்டு இல்லாததால் குரலின் வித்தை முழுக்கத் தெரியும். கூட்டம் விசில் அடிப்பது பெரும்பாலும் அங்கேதான்.

மேடைப் பாட்டுக்கு இரண்டு அடிப் பல்லவியும், நாலு அடியாக மூன்று சரணமும் போதும். இடையிசையோடு நாலைந்து நிமிடம் வரும். நாலாவது சரணம் எழுதி வைத்துக்கொள்ளலாம், ஆட்டம் சூடு பிடித்தால் உதவும். அந்தச் சரணத்தில் ஊர்ப் பெயரை மாற்றிப் போட ஒரு இடம் விட்டால் ஊருக்கு ஊர் பாடலாம். தஞ்சை, திருவையாறு, வலங்கைமான் என்று எது வந்தாலும் தாளம் தட்டாமல் இருக்க, 3 மாத்திரை பெயருக்கு ஒன்றும் 6 மாத்திரை பெயருக்கு ஒன்றுமாக இரண்டு வடிவம் தயாராக இருக்கட்டும். சாதிப் பெயர், கட்சிக் கொடியின் நிறம், எந்தத் தெருவின் சாமி பெரிது என்பது போன்றவை கோயில் மேடைப் பாட்டில் வேண்டாம். மாட்டிக்கொள்வது மைக் பிடித்தவர்தான், எழுதியவர் வீட்டில் படுத்திருப்பார்.

பாடகரையே புகழ்ந்து எழுதினால்

சிலர் அந்தப் பாடகரைப் பற்றியே பாட்டு எழுதி எடுத்துப் போகிறார்கள். கவனமாக இருக்க வேண்டிய இடம். "குயிலே, தேனே, இசைக்கடலே" என்று எழுதியதை யாருக்கு வேண்டுமானாலும் பாடலாம், அதனால் யாருக்கும் ஆகாது. மாயூரத்தில் முன்சீப்பாக (சிவில் நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளை பஞ்ச காலத்தில் தம் பொருளைச் செலவழித்து ஏழைகளுக்குச் சோறு போட்டதைப் பார்த்து, கோபாலகிருஷ்ண பாரதி அவர்மேல் ஒரு கீர்த்தனை பாடினார். பாட்டுக்குக் காரணம் ஒரு செயல். உங்கள் பாடகரிடமும் அப்படி ஒன்றைத் தேடுங்கள்: எந்த மேடையில் மழையில் நனைந்துகொண்டு பாடி முடித்தார், யாருக்கு வாய்ப்பு வாங்கிக் கொடுத்தார், எந்தப் பாட்டியின் பாட்டை மறக்காமல் பெயர் சொல்லிப் பாடுகிறார். அதை எழுதுங்கள். அவரே தன்னைப் புகழ்ந்து பாட முடியாது என்பதால் இந்தப் பாட்டை இன்னொரு பாடகருக்குக் கொடுக்க வேண்டும். மணிவிழா, விருது வாங்கிய ஊர்ப் பாராட்டு போன்ற மேடைகளில் இதற்கு இடம் கிடைக்கும்.

கொண்டுபோய்க் கொடுப்பது

கச்சேரி முடிந்த கையோடு போகாதீர்கள். பசியும் களைப்புமாக இருப்பார், கணக்கு முடிக்க வேண்டியவர்கள் காத்திருப்பார்கள். மைக் சோதனை நேரத்திலும் வேண்டாம். தவில்காரரையோ கீபோர்டுக்காரரையோ முதலில் பழக்கம் பண்ணிக்கொண்டு, "அண்ணனுக்கு ஒரு பாட்டு வச்சிருக்கேன், எப்ப வரலாம்?" என்று கேளுங்கள். குழுவில் மெட்டுக்கு யார் பொறுப்போ அவர் தலையாட்டினால் பாடகரும் காது கொடுப்பார்.

ஒரு பாட்டு மட்டும் கொண்டுபோங்கள். ஐந்து கொடுத்தால் ஒன்றையும் கேட்க மாட்டார்கள். கூடவே வாய்ஸ் நோட் ஒன்று: 2 நிமிடத்துக்குள், அவருடைய கட்டையில், வெறும் தாளத்தோடு. பெரிய பின்னணி இசை சேர்த்தால் அவர் கற்பனைக்கு இடம் இல்லாமல் போகும். முக்கியமாக, அவர் குரலை நீங்கள் பாவனை செய்து பாடாதீர்கள். நமக்கு அது பக்தி, அவருக்கு அது கேலி மாதிரிப் படும். சுருதி எட்டவில்லை என்றால் பாடத் தெரிந்த ஒருவரை வைத்துத் தட்டையாகப் பாட வையுங்கள்.

தாளில் எழுத்து பெரிதாக இருக்கட்டும், மேடை விளக்கில் கண் கூசும். சரணத்துக்கு ஒரு பக்கம். மூச்சு வாங்கும் இடத்தில் சாய்கோடு, நீட்டும் எழுத்துக்குக் கீழே கோடு, பின்பாட்டு எடுக்கும் அடி வேறு மையில். மேலே பாட்டின் பெயர், கட்டை, தாளம், தேதி, எழுதியவர் பெயர், போன் எண். போன் எண்ணை மறப்பவர்கள் ஆச்சரியப்படும் அளவுக்கு இருக்கிறார்கள்.

பாடிப் பார்க்கும்போது அவர் சொல்லை மாற்றுவார். உடனே முகம் சுருங்காதீர்கள். அவர் மாற்றியது வாய்க்கு வசதியாக என்றால் பெரும்பாலும் அவர் சொல்வதுதான் சரி. பொருள் கெடுகிறது என்றால் மட்டும், அதே மாத்திரையில் வேறு சொல் ஒன்றை அங்கேயே கொடுங்கள். இதற்காகவே ஒவ்வொரு அடிக்கும் ஒரு மாற்றுச் சொல்லை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு போவது நல்லது.

காகிதமும் காசும்

பாட்டு பிடித்துவிட்டது என்றதும் சந்தோஷத்தில் எல்லாவற்றையும் வாய்ச்சொல்லில் விட்டுவிடுகிறார்கள். பின்னால் சண்டை வருவது இங்கேதான், அதுவும் நல்ல மனிதர்களுக்குள்.

1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி வரி ஒரு படைப்பு, மெட்டு தனிப் படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றுக்கும் உரிமையாளர் வேறு வேறாக இருக்கலாம். பாடகருக்கும் பாடியதற்கான தனி உரிமை உண்டு. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவரின் ஆயுளுக்குப் பின் 60 ஆண்டு வரை. உரிமையை எழுதிக் கொடுப்பது கையெழுத்திட்ட எழுத்தில்தான் செல்லும். அதில் எத்தனை ஆண்டு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், வாங்கியவர் ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகிவிடும். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவிலோ ஒலிப்பதிவிலோ சேர்ந்த பாட்டுக்கு எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் பெற வேண்டிய ராயல்டிப் பங்கை, வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர யாருக்கும் விட்டுக் கொடுக்க முடியாது. விட்டுக் கொடுத்ததாக எழுதினாலும் செல்லாது. "எல்லா உரிமையும் நிரந்தரமாக" என்று அச்சடித்த தாளை நீட்டினால் இதை நினைவில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

பதிவு கட்டாயம் இல்லை, ஆனால் சண்டை வந்தால் கைகொடுக்கும். பதிப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் படிவம் 14. வரிக்கும் மெட்டுக்கும் தலா 500 ரூபாய், ஒலிப்பதிவுக்கு 2,000 ரூபாய். விண்ணப்பித்தபின் ஆட்சேபத்துக்கு 30 நாள் காத்திருப்பு உண்டு. எல்லாப் பாட்டுக்கும் செலவழிக்க முடியாது என்றால், ரெக்கார்டிங் போகும் பாட்டை மட்டும் பதியுங்கள். மற்றவற்றுக்குத் தேதியோடு கூடிய மின்னஞ்சலும் வாய்ஸ் நோட்டும் குறைந்தபட்ச ஆதாரம்.

பாட்டு வெளியானபின் ஐ.பி.ஆர்.எஸ். (இந்தியன் பர்ஃபார்மிங் ரைட் சொசைட்டி) என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகலாம். 1969-ல் தொடங்கி மும்பையிலிருந்து நடக்கும் சங்கம், ரேடியோ, டி.வி., ஆன்லைன் தளங்களிடம் ராயல்டி வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிறது. கிராமத்து மேடையிலிருந்து அந்த வழியில் பெரிதாக எதுவும் வந்து சேரும் என்று எண்ண வேண்டாம். கோயில் சடங்கிலும் கல்யாண ஊர்வலத்திலும் பாடுவதற்குச் சட்டமே விலக்கு தருகிறது. ஆகவே மேடைக்கு எழுதும் பாட்டுக்கு மொத்தத் தொகையை முன்கூட்டிப் பேசி அட்வான்ஸ் வாங்குவதுதான் நடைமுறை. யூடியூப் பதிவு வந்தால் அதற்குத் தனிப் பேச்சு. விளக்கப் பகுதியில் "பாடல்" என்ற இடத்தில் பெயர் போடுவது, மேடையில் பெயர் சொல்வது இரண்டையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த வேலை அந்தப் பெயரைக் கேட்டுத்தான் வரும்.

நடவு வயலிலோ எழவு வீட்டிலோ கேட்ட பழைய மெட்டில் கட்டினால் அந்த மெட்டு யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் நீங்கள் கேட்ட பதிவு ஒருவருக்குச் சொந்தமாக இருக்கலாம். அதே மெட்டைச் சினிமா எடுத்தாண்டிருந்தால் யூடியூபின் தானியங்கிச் சோதனை உங்கள் பாட்டைத்தான் பிடிக்கும். பாடிக் காட்டிய ஆத்தா யார், எந்த ஊர், எப்போது என்று அவர் சம்மதத்தோடு பதிந்து வைத்தால் பதில் சொல்ல ஆதாரம் இருக்கும். வெறும் ஆதாரத்துக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம், அவருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும். எந்திர நடவு வந்தபின் அந்தப் பாட்டுகளை முழுதாகத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். பழைய வடிவங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்து நாட்டுப்புறவியல் துறையை அணுகலாம்.

வருசம் முழுக்கப் பிழைப்பு

பயிருக்குப் போலவே இங்கே மேடைக்கும் ஒரு பட்டம் உண்டு. தையில் தொடங்கி மாசி, பங்குனி, சித்திரை, வைகாசி வரை கச்சேரி நெருக்கம். ஆடியில் அம்மன் கோயில்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் மேடை கிடையாது, மார்கழியும் மந்தம். அந்த மூன்று மாதம்தான் எழுதவும் மெட்டுக் கட்டவும் பாடகரோடு உட்காரவும் ஏற்ற காலம். பங்குனியில் புதுப் பாட்டோடு போய் நின்றால் அவருக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. மேட்டூர் திறப்பு ஜூன் 12-ஐ ஒட்டிய தண்ணீர்ப் பாட்டு, ஆடிப்பெருக்குப் பாட்டு என்று காலத்தோடு ஒட்டியவற்றை இரண்டு மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். தண்ணீர் வராத வருசத்துக்கும் ஒரு சரணம் மாற்றி வைத்திருப்பது அனுபவம் உள்ளவர்கள் செய்வது.

ஒரே பாடகரை நம்பி இருக்காதீர்கள், எவ்வளவு பிடித்தாலும். தொண்டை கட்டும், குழு உடையும், சினிமாவுக்குப் போவார். குரல் அமைப்பு வேறுபட்ட மூவருக்காவது எழுதுங்கள். ஒருவருக்குக் கொடுத்த பாட்டை அவர் பாடிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்குக் கொடுக்காதீர்கள். டெல்டா சின்ன ஊர், மறுநாளே தெரிந்துவிடும்.

1939-லிருந்து இயங்கும் திருச்சி வானொலியிலும் காரைக்கால் நிலையத்திலும் நாட்டுப்புறப் பாட்டுக்கு இடம் உண்டு. குரல் தேர்வில் தேறிய பாடகர் மூலம் உங்கள் பாட்டு அங்கே போகலாம். தஞ்சாவூரில் உள்ள தென்னகப் பண்பாட்டு மையத்தின் விழாக்களுக்கும், மண்டலக் கலை பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிகளுக்கும் குழுவாக விண்ணப்பிப்பதுதான் வசதி. எழுதுவதோடு மேடையிலும் ஏறுபவர் என்றால் நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தில் பதிந்துகொள்ளுங்கள், 60 வயதுக்குள் பதிய வேண்டும். மாவட்ட விருதுகள் வயதுவாரியாக உண்டு: 18 வரை கலை இளமணி, 19–35 கலை வளர்மணி, 36–50 கலைச் சுடர்மணி, 51–65 கலை நன்மணி, 66-க்கு மேல் கலை முதுமணி. எல்லாவற்றுக்கும் கைகொடுக்கும் ஆதாரம் இவை: நிகழ்ச்சி நோட்டீஸ், தேதி போட்ட புகைப்படம், பெயர் அச்சான அழைப்பிதழ். ஒவ்வொரு கச்சேரிக்கும் நோட்டீசில் ஒரு பிரதியை வாங்கி ஃபைலில் போடுங்கள். மைக்செட்காரரிடம் கேட்டால் மறுநாள் காலையில்கூடக் கிடைக்கும், ஒரு வாரம் கழித்துக் கிடைக்காது.